டிஸ்கை மாற்ற விடாத ஸ்டெல்லா

நம் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்போர் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டு நான்கு மாதம் ஆகிறது. கடையைக் கைமாற்றிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பவனுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம் என்று அவர் நினைத்திருப்பார். நேரம் இருந்தது. எதை எழுத வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. ஆனால் அதை எழுத உட்காரும்போதெல்லாம் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நீங்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். பழைய கம்ப்யூட்டர் ஒன்று மேசைக்கு வருகிறது. விண்டோஸை மறுபடி போட்டுக் கொடுப்பதா, உள்ளே இருக்கும் டிஸ்கையும் ராமையும் மாற்றுவதா, இல்லை புதியது வாங்குங்கள் என்று சொல்லி அனுப்புவதா? கருங்கல் ஊரில் இருபத்தாறு ஆண்டுகள் கடை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், இதில் எனக்குத் தடுமாற்றம் கிடையாது. பெட்டியைத் திறந்து பத்து நிமிடம் பார்த்தால் போதும். டிஸ்கின் சத்தத்தைக் கேளுங்கள். போர்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கடற்கரை ஊர்ப் பெட்டி என்றால் முதலில் திருகாணிகளைப் பாருங்கள். உப்புக் காற்று தின்ற திருகாணி சுற்றவே சுற்றாது. அப்படியென்றால் போர்டும் அதே நிலைமையில்தான் இருக்கும். இவை நன்றாக இருந்தால் எட்டு வயதுப் பெட்டியும் இன்னும் நான்கு ஆண்டு ஓடும். அந்த வகையில் என் கணக்கு அநேகமாகத் தப்பியதில்லை.

ஒருமுறை திருவட்டாற்றில் இருந்து ஓர் ஆசிரியை லேப்டாப் கொண்டுவந்தார். நான் டிஸ்கை மாற்றி, ராமைக் கூட்டி, புதிது போல ஆக்கிக் கொடுத்தேன். பாராட்டுவார் என்று நின்றால், முகம் வாடிப்போயிற்று.

“என்ன சாரே, இப்படிச் செய்திட்டியளே. இது செரியாவாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்க வீட்டுக்காரரு புதுசு வாங்கித் தந்திருப்பாரு.”

அவர் வந்தது பழுது பார்க்க அல்ல, இனி இது உதவாது என்ற சான்றிதழுக்கு. பெட்டியைப் பார்த்த நான் ஆளைப் பார்க்கவில்லை. அன்றைக்கு அதைச் சிரித்துக்கொண்டே மனைவியிடம் சொன்னேன். பாடமாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருந்தால் பிறகு நடந்தது நடந்திருக்காது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நான் கடையை விடுவதற்கு முந்தின ஆண்டு, கடல் இளகி அலை பெருகத் தொடங்கியிருந்த சமயம். தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து ஸ்டெல்லா என்ற அம்மா ஒரு சி.பி.யூ.வைப் படுக்கை விரிப்பில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் மீன்பிடி வள்ளம் வைத்திருப்பவர், அலையில் வள்ளம் கவிழ்ந்து கால் முறிந்து வீட்டில் கிடக்கிறார் என்று பேச்சுக்கிடையில் சொன்னார்.

“ஆன் ஆவுது சாரே. பின்ன அப்படியே நிக்குது. ஒரு மணிக்கூர் கழிஞ்சாலும் நகராது.”

“வாங்கி எத்தன வருஷமாச்சு?”

“மூத்தவன் எட்டாம் கிளாஸு படிக்கச்சில வாங்கினது. அவனுக்கு இப்பம் இருபத்திமூணு.”

திறந்து பார்த்தேன். ஆச்சரியமாகத் திருகாணிகள் நன்றாக இருந்தன. யாரோ எண்ணெய் தொட்டு வைத்திருக்கிறார்கள். டிஸ்க் பழையது, ஆனால் சத்தம் சுத்தம். கெட்டுப்போயிருந்தது விண்டோஸ்தான்.

“புதுசு வாங்கினா நல்லது. இல்லேன்னா டிஸ்க மட்டும் மாத்தி, புது டிஸ்குல விண்டோஸ் போட்டுத் தாறேன். பறக்கும்.”

“டிஸ்குன்னா?”

“எல்லாம் அதுக்குள்ளதான கெடக்கும். பாட்டு, போட்டோ எல்லாம்.”

“அத மாத்தாண்டாம் சாரே,” என்றார் உடனே. “உள்ள இருக்கப்பட்டது உள்ளயே இருக்கட்டும். நீங்க விண்டோசு மட்டும் போட்டுத் தந்தா மதி, அது போரும்.”

“உள்ள முக்கியமா ஏதாவது உண்டா?”

ஒரு கணம் பக்கத்தில் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் ஒருவர் தன் பிரிண்டருக்காகக் காத்திருந்தார். “ஒண்ணும் இல்ல. பாட்டும், கல்யாணத்துக்க போட்டோவும் கொஞ்சம். வேற ஒண்ணுமே இல்ல.”

சிக்கனம் என்று நினைத்துக்கொண்டேன். சி.பி.யூ.வோடு ஒரு பையும் வந்திருந்தது. அதில் ஒரு கேபிள். ஒரு முனையில் பழைய சீரியல் பின், மறு முனையில் நான் அதுவரை பார்த்திராத வட்டமான பிளக். இது எதற்கு என்று கேட்டிருக்க வேண்டும். பெட்டியோடு வரும் பொருள்தான் பெட்டிக்கு வீட்டில் என்ன வேலை என்று சொல்லும். நான் அதைச் சுருட்டிப் பையில் திரும்ப வைத்தேன்.

கேட்காததற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதுவதில் அர்த்தமில்லை.

அதற்கு முந்தின நாள் மாலை என் மகள் முதல் வேலையில் சேர்வதற்காக நாகர்கோவிலில் இருந்து பெங்களூருக்குத் தனியாகப் பஸ் ஏறியிருந்தாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. காலை ஏழு மணிக்கு இறங்கியதும் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தாள். ஏழாயிற்று, எட்டாயிற்று, கூப்பிடவில்லை. நாங்கள் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப். பஸ் கம்பெனி எண்ணை யாரும் எடுக்கவில்லை. மனைவி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கடைக்குக் கூப்பிட்டு, “விளிச்சாளா?” என்று கேட்டாள். நான் “விளிப்பா, நீ பேசாம இரி” என்று அதட்டினேன். அதட்டிவிட்டு நானும் ஒருமுறை கூப்பிட்டுப் பார்ப்பேன்.

கைக்கு ஏதாவது வேலை வேண்டும் போல இருந்தது. ஸ்டெல்லாவின் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தேன். என் வழக்கம் ஒன்று உண்டு. பழைய டிஸ்கிலேயே விண்டோஸ் போடுவதானால், முதலில் முழு டிஸ்கையும் அப்படியே ஒரு நகல் எடுத்துக்கொள்வேன். அதற்கு மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அன்றைக்கு நகல் எடுக்கவில்லை. பாட்டுகளையும் கல்யாணப் போட்டோக்களையும் ஒன்றுவிடாமல் எடுத்து வைத்தேன். அந்த அம்மா வேறொன்றும் இல்லை என்றாரே. இடது கையில் செல்போன். திரையில் டிஸ்கின் பகுதிகள் வரிசையாக நிற்கின்றன, அழிக்கவா என்று கேட்கிறது. மகள் எண்ணை மறுபடி அழுத்தினேன். சுவிட்ச் ஆஃப் என்ற அதே குரல். வலது கையால் ‘சரி’ என்பதை அழுத்தினேன்.

பதினொன்றரைக்கு மகள் கூப்பிட்டாள். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டதாம். ஆபீசுக்கு வந்து சார்ஜர் கடன் வாங்கினாளாம். “அப்பா, நீங்க பயந்துபோயிட்டியளா?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று மாலை ஸ்டெல்லா வந்தபோது பெட்டி புதுசு போல ஓடியது. நான் அத்தனை சந்தோஷத்தில் இருந்தேன், பெட்டியின் தூசியைக்கூடத் துடைத்துக் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம். வேலைக்கு நிற்கும் பையன்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், கடையில் நான் மட்டும். ஆட்டோ வந்து நின்றது. மாவுக்கட்டுப் போட்ட காலோடு ஒருவர் இறங்கினார். அவரைத் தாங்கிக்கொண்டு ஓர் இளைஞன். பின்னால் அதே பெட்டியோடு ஸ்டெல்லா. கணவர் சிலுவைப்பிச்சை, மூத்த மகன் ஜெபின். சிலுவைப்பிச்சை ஸ்டூலில் உட்கார்ந்து, காலை நீட்டி வைத்து, தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“சாரே, எனக்க பாரு எங்க?”

எனக்கு விளங்கவில்லை. ஜெபின்தான் சொன்னான். “அங்கிள், அப்பாக்க பாயிண்டு எல்லாம் இதுலதான் கெடந்துது. மேப்பு சாஃப்ட்வேர் ஒண்ணு உண்டு. அது இப்பம் காணல்ல.”

நம்மில் மலையோரத்துக்காரர்களுக்காகச் சொல்கிறேன். கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டைப் பார் என்பார்கள். பாரில்தான் களவாவும் விளமீனும் கூடும். தூண்டில்காரனுக்குப் பார்தான் விளைநிலம். மேலே நின்று பார்த்தால் எங்கும் ஒரே தண்ணீர். எந்த இடத்தில் பார் என்பது தெரிந்தவனுக்குத்தான் தெரியும். இப்போது அந்த இடங்களை ஜி.பி.எஸ். கருவியில் எண்களாகப் பதிந்து வைக்கிறார்கள். நான் சுருட்டி வைத்த கேபிள் அந்தக் கருவிக்கானது. ஒருவருடைய பார் இன்னொருவருக்குத் தெரியக் கூடாது. கூடப்பிறந்தவனுக்கும் சொல்லமாட்டார்கள். சிலுவைப்பிச்சை இருபத்திரண்டு ஆண்டுகளில் சேர்த்தவை நூற்றெண்பதுக்கு மேல். கருவி, வள்ளம் கவிழ்ந்த அன்று கடலுக்குள் போய்விட்டது. புதுக் கருவி வாங்கியாயிற்று. அதில் ஏற்றுவதற்கு மிச்சம் இருந்த ஒரே பதிவு அந்த டிஸ்கில், மேப் சாஃப்ட்வேரின் சொந்தக் கோப்புறைக்குள் இருந்தது. நான் ‘சரி’ என்று அழுத்திய இடத்தில்.

“ஒண்ணும் இல்லேன்னு சொன்னியளே?” என்றேன் ஸ்டெல்லாவிடம்.

“பின்ன என்ன சொல்லச் சொல்லுதிய? பக்கத்துக் கசேரயில இருந்தது ஆருன்னு தெரியுமா? எங்க ஊருக்காரன். அவனுக்க மச்சானுக்கு ரெண்டு வள்ளம். அவன வெச்சிட்டு, எங்க வீட்டுக்காரருக்க பாரெல்லாம் இந்தப் பெட்டியிலதான் இருக்குன்னு சொல்லுவேனா?”

“டிஸ்க மாத்தாண்டாம்னு சொன்னது...”

“அதுக்குள்ளதான எல்லாம் கெடக்கும்னு நீங்கதான சொன்னிய! அது போச்சுன்னா பாரு போச்சுல்லா? அதுனாலதான் மாத்தாண்டாம்னு சொன்னேன். விண்டோசு போடுததுன்னா வீட்டுக்கு வெள்ள அடிக்கப்பட்டது மாதிரின்னு நெனச்சேன். வெள்ள அடிச்சா அலமாரிக்குள்ள இருக்கப்பட்ட துணி போவுமா சாரே?”

டிஸ்கை மாற்றியிருந்தால் பழைய டிஸ்க் பத்திரமாக என் அலமாரியில் இருந்திருக்கும். காப்பாற்றுவதற்காக அவர் சொன்ன சொல்லை நான் சிக்கனம் என்று எடுத்துக்கொண்டேன்.

நம் கடைகளில் ஒரு சீட்டு உண்டு. உள்ளே இருக்கும் பதிவுகளுக்குக் கடை பொறுப்பல்ல என்று அச்சடித்து, கீழே கையெழுத்து வாங்குவோம். ஸ்டெல்லா கையெழுத்துப் போட்ட சீட்டு என் மேசை இழுப்பறையில் இருந்தது. என் கை இழுப்பறையின் பிடி வரை போனது. போனது என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்தச் சீட்டை எடுத்திருந்தால் அத்தோடு என் பொறுப்பு முடிந்திருக்கும், அவர்கள் எழுந்து போயிருப்பார்கள், டிஸ்கும் போயிருக்கும். கையை எடுத்துவிட்டு முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

“இந்த ஒன்பது நாளுல இதுல என்னவெல்லாம் செய்திய?”

ஜெபின் தரையைப் பார்த்தான். “தம்பி கொஞ்சம் படம் ஏத்தி வெச்சான்.”

“எத்தன?”

“ஒரு முப்பது இருக்கும்.”

“முப்பது படமா? லேய், எனக்க காலு ஒடிஞ்சு கெடக்கு, வீட்டுல சினிமாக் கொட்டக நடத்துதியளா?” என்றார் சிலுவைப்பிச்சை. அந்த நிலைமையிலும் ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. ஏற்றிய ஒவ்வொரு படமும் அழிந்த பதிவின்மேல் உட்கார்ந்திருக்கும்.

“பாரு இல்லேன்னா என்ன ஆவும்?” என்று கேட்டேன்.

“திங்கக்கிழமை வள்ளம் எறக்கணும். மூணு பேரு இவன்கூட வாறோம்னு சொல்லியிருக்கினும். பாரு இல்லாத வள்ளத்துல எவன் ஏறுவான்? வேற வள்ளத்துக்குப் போயிருவினும்.” அவர் மகனைப் பார்க்காமல் சொன்னார். “இவன் கல்ஃபுக்குப் போறேன்னு பாஸ்போர்ட்டும் எடுத்து வெச்சிட்டு நின்னான். வள்ளத்த உனக்குத் தாறேன், பாரெல்லாம் உனக்குன்னு சொல்லி நான்தான் பிடிச்சு நிறுத்தினேன். இனி எதக் காட்டி நிறுத்துவேன்?”

அன்று வியாழக்கிழமை.

இந்த மாதிரி நேரத்தில் நம் கை பரபரக்கும். பதிவுகளை மீட்கும் சாஃப்ட்வேர் ஒன்றை அந்த டிஸ்கிலேயே ஓட விட்டு, “இதோ தேடுது பாருங்க” என்று திரையைக் காட்டினால் எதிரில் நிற்பவர்களுக்கு ஓர் ஆறுதல், நமக்கும் ஆறுதல். சாப்பிட்டுவிட்டு வந்த பையன்களும் அதைத்தான் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். அந்த டிஸ்கில் இனி ஒரு எழுத்துகூட எழுதப்படக் கூடாது. கழற்றி, முதலில் அப்படியே நகல். ஒன்பது நாளுக்கு முன் செய்திருக்க வேண்டியது. நான் தேடுவது நகலில் மட்டும். நான் தோற்றால் மூலம் கெடாமல் இருக்கும், திருவனந்தபுரத்தில் ஆய்வகம் வைத்திருப்பவர்களிடம் அனுப்பலாம். ஆனால் அவர்கள் இரண்டு வாரம் கேட்பார்கள், திங்கட்கிழமைக்கு உதவாது. இவ்வளவையும் அந்தக் குடும்பத்திடம் ஒளிக்காமல் சொன்னேன்.

“கிட்டுமா?” என்றார் ஸ்டெல்லா.

“கிட்டலாம். கிட்டாமலும் போவலாம். முழுசா கிட்டாது.”

பொய் சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் “பயப்படாண்டாம், எடுத்திரலாம்” என்று சொல்லும் ஆசை யாருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை நகலில் தேடினேன். துண்டு துண்டாக ஆயிரக்கணக்கில் வந்தன, ஒன்றுக்கும் பெயர் இல்லை. பாட்டுத் துண்டு, படத் துண்டு, எதுவென்றே தெரியாத துண்டு. அந்த மேப் சாஃப்ட்வேர் பார்களை வெறும் எண்களாகவே எழுதி வைக்கும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அப்படியானால் ஒரு வழி இருந்தது. ஒரே ஒரு பாரின் எண் தெரிந்தால் போதும், அந்த எண்ணை டிஸ்க் முழுக்கத் தேடலாம். அது கிடைக்கும் இடத்தைச் சுற்றித்தான் மற்றவையும் கிடக்கும்.

சிலுவைப்பிச்சையைப் போனில் கூப்பிட்டேன். “அண்ணே, ஒரு பாருக்க நம்பர் வேணும். உங்களுக்கு ஓர்மையில இருக்குமா?”

“எல்லாம் இல்ல. கொஞ்சம் இருக்கு.”

“ஒண்ணு சொல்லுங்க.”

“போன்ல சொல்ல மாட்டேன்,” என்றார்.

ஒரு மணி நேரத்தில் ஆட்டோவில் வந்துவிட்டார், மனைவியும் மகனும் கூட. பையன்களை வெளியே அனுப்பினேன். சிலுவைப்பிச்சை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உமக்குப் பிள்ள உண்டா?”

“ஒரு மவ.”

“அவளுக்க மேல சத்தியம் செய்யும். இது இந்தக் கடைய விட்டு வெளிய போவாதுன்னு.”

அது வெளியே போகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மகள்மேல் சத்தியம் என்றதும் அவள் போனை எடுக்காத அந்தக் காலை அப்படியே வந்து நின்றது. நான் சொல்ல நினைத்திராததைச் சொன்னேன்.

“சத்தியம் செய்ய மாட்டேன் அண்ணே. அவ பேர எடுக்கவே எனக்குப் பயம். நீங்க தெரிஞ்சுக்கிடணும். உங்க பெட்டிய நான் அழிச்ச அண்ணைக்கு அவ தனியா ஊருக்குப் போயிருந்தா, போன் எடுக்கல்ல. ஒரு கையில போன வெச்சிட்டு ஒரு கையால அழிச்சேன். எப்பவும் முழுசா நகல் எடுப்பேன். அண்ணைக்கு எடுக்கல்ல. நீங்க சொல்லாதது உங்க குத்தம் இல்ல. நகல் எடுக்காதது எனக்க குத்தம்.”

ஸ்டெல்லா மெதுவாகச் சொன்னார்: “உங்க மவ போன் எடுக்கல்லேன்னா பஸ்ஸுல இருப்பா சாரே. எனக்க வீட்டுல போன் எடுக்கல்லேன்னா கடலுல இருப்பினும். எனக்கு இருவத்தஞ்சு வருஷமா தினமும் அப்படி ஒரு காலைதான்.” கணவர் பக்கம் திரும்பினார். “சொல்லும் ஓய். கேக்குதவரும் பிள்ள பெத்தவருதான்.”

சிலுவைப்பிச்சை ஒரு காகிதம் கேட்டார். எழுதினார். நீட்டும்போது அவர் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு.

“ரொம்ப பத்திரமா வெச்சுக்கிட வேண்டாம். அது மண்ணு மூடிப்போன பாரு. பத்து வருஷமா அதுல ஒரு மீனுக்க செதிலுகூடக் கிட்டாது. ஆனா லிஸ்டுல உண்டு.”

ஜெபின் வாய்விட்டுச் சிரித்தான். “அப்பா, அங்கிளப் போட்டு இம்புட்டு நேரம் வாட்டுனது செத்துப்போன பாருக்கா?”

“சும்மா இரிலேய். ஆளு எப்படின்னு பாக்காண்டாமா?”

அந்த எண்ணை இங்கே எழுதமாட்டேன், மணல் மூடியதாக இருந்தாலும்.

தேடவிட்டோம். நான்கு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு வரி வந்தது. அதன் மேலும் கீழும் வரிவரியாக எண்கள். சிலுவைப்பிச்சை ஸ்டூலை இழுத்துத் திரைக்கு மிக அருகில் போனார். உதடு அசைய ஒவ்வொன்றாகப் படித்தார். சிலவற்றில் நின்று தலையாட்டினார். ஓரிடத்தில் வரிகள் திடீரென்று அறுந்து, புரியாத குறிகளாக ஆயின. அதற்குக் கீழே ஏதோ ஒரு சினிமா. எண்ணிப் பார்த்தால் நூற்று முப்பத்தொன்று இருந்தது. மற்றவை போய்விட்டன. நான் அன்று பொழுது முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.

“போனதுல நல்ல பாரு உண்டா?” என்று கேட்டேன்.

“உண்டு,” என்றார். ஆறுதலாக ஒரு சொல் சொல்வார் என்று நான் எதிர்பார்த்தது தவறு.

ஜெபின்தான் பேசினான். “நூத்தி முப்பது இருக்குல்லா அப்பா? நீங்க வள்ளம் எடுக்கச்சில எத்தன இருந்துது?”

“பதினேழு.”

“பின்ன என்ன?”

சிலுவைப்பிச்சை மகனைப் பார்த்தார். “செரி, அப்பம் திங்கக்கிழமை எறக்கு” என்றார்.

அன்றே அந்தப் பெட்டியில் புது டிஸ்க் போட்டேன், முதலிலேயே போட்டிருக்க வேண்டியது. மீட்டவற்றை அதிலும் புதுக் கருவியிலும் ஏற்றினேன். பழைய டிஸ்கை ஓர் உறையில் போட்டு ஒட்டி ஸ்டெல்லாவின் கையில் கொடுத்தேன். என் மேசையில் இருந்த நகலை அவர்கள் கண்முன்னாலேயே அழிக்க வேண்டும் என்றார் சிலுவைப்பிச்சை. அழிப்பதற்கு முன் இரண்டு இடத்திலும் திறந்து, கடைசி வரி வரை வந்திருக்கிறதா என்று ஜெபினையே படிக்கச் சொன்னேன். இரண்டு முறை படித்தான். அதன் பிறகுதான் அழித்தேன்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இப்போது இப்படி. பெட்டியின் வயதைப் பாருங்கள், டிஸ்கின் சத்தத்தைக் கேளுங்கள், எல்லாம் செய்யுங்கள். ஆனால் முடிவெடுக்கும்போது, எந்த வழியில் போனால் திரும்பி வர முடியும் என்று பாருங்கள். புதுப் பெட்டி வாங்கினால் பழையது வீட்டில் இருக்கும். டிஸ்கை மாற்றினால் பழைய டிஸ்க் கையில் இருக்கும். பழைய டிஸ்கிலேயே மறுபடி விண்டோஸ் போடும் வழியில்தான் திரும்பி வரப் பாதை இல்லை. பாதையை நாம்தான் நகல் எடுத்துப் போட்டு வைக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, “இதுல தினமும் என்ன செய்வீங்க?” என்று கேளுங்கள். ஒருவர் ஒன்றைத் தொடாதே என்றால், ஏன் என்று தெரியும்வரை திருப்புளியைக் கையில் எடுக்காதீர்கள். வீட்டில் யாருக்காகவாவது மனம் பதறிக்கொண்டிருந்தால், அன்றைக்குக் கீபோர்டு துடையுங்கள், கேபிள் சுற்றுங்கள், எதையும் அழிக்காதீர்கள். இதைச் சோம்பல் என்று எந்த முதலாளி சொன்னாலும் என்னிடம் அனுப்புங்கள்.

திங்கட்கிழமை வள்ளம் இறங்கியது என்று கேள்விப்பட்டேன். அந்தப் பையன் கடலில் இருக்கிறான் என்ற நினைப்பு என்னை விடவில்லை. கூப்பிட்டுக் கேட்க எனக்கு என்ன உரிமை என்று கூப்பிடாமல் இருந்தேன். காற்று பலமாக அடித்த நாளில் மனைவியிடம் அதைச் சொன்னபோது, “உங்களுக்கு ஒரு பிள்ளைக்குப் பயந்தது போராதா?” என்றாள்.

மூன்று வாரம் கழிந்து ஒரு காலை ஜெபின் கடைக்கு வந்தான். முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். புதுக் கருவியின் மெமரி கார்டைப் போட்டுப் படிக்க ஒரு ஸ்லாட் வைத்துத் தர வேண்டும் என்றான். பத்து நிமிட வேலை. வைத்துக் கொடுத்தேன்.

“மீனு எப்படி?” என்று கேட்டேன்.

“கொள்ளாம் அங்கிள், நல்லா கிட்டுது. மூணு பேரும் எங்ககூடத்தான் நிக்கினும்.” கார்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான். “அங்கிள், ஒண்ணும் நெனைக்கப்பிடாது. கொஞ்சம் வெளிய நிப்பியளா?”

“எதுக்கு மக்கா?”

அவன் குரலைத் தாழ்த்தினான். முகம் முழுக்கச் சிரிப்பு. “புதுசா ஒரு பாரு. அப்பாக்க லிஸ்டுல இல்லாதது. நானே கண்டது. அத இதுல ஏத்தணும்.”

பையன்களையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். சந்தைக்குப் போகும் கூட்டம் எங்களைத் தாண்டிப் போனது. தெரிந்த ஒருவர் நின்று, சொந்தக் கடைக்கு வெளியே ஏன் வெயிலில் நிற்கிறீர்கள் என்று விசாரித்தார். உள்ளே முக்கியமான வேலை நடக்கிறது என்றேன். கால் மணி நேரம் கழித்து ஜெபின் கதவைத் திறந்து, “வரலாம் அங்கிள்” என்றான். உள்ளே போனபோது அவன் மானிட்டரை அணைத்து வைத்திருந்தான்.